ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் படிக்க நான்கு வழிகள்: டெல்டா மாணவருக்கு எது பொருந்தும்?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளில் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகள் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பற்றிக் கேட்க வந்தால், பெரும்பாலும் முதல் கேள்வி “எந்தக் காலேஜ் சார், பிளேஸ்மென்ட் எப்படி?” என்றுதான் வரும். நியாயமான கேள்விதான். வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்கள், வேலையைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்தத் துறையில் அதற்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் என்பது உற்பத்தியும் சேவையும் தடங்கலில்லாமல், குறைந்த செலவில் நடக்கத் திட்டமிடும் துறை, தமிழில் செயல்பாட்டு மேலாண்மை. இந்த ஒரே பெயருக்குள் நான்கு விதமான படிப்புகள் நடக்கின்றன: எம்.பி.ஏ.வில் ஆபரேஷன்ஸ் சிறப்புப் பாடம், எம்.டெக். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையிலோ இணையத்திலோ படிப்பது, அப்புறம் முனைவர் பட்ட ஆராய்ச்சி. இந்த நான்கில் எது உங்கள் மனதுக்கு ஒத்துவரும் என்று தெரிந்துவிட்டால் கல்லூரி தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறியியல் முடித்து, கணக்கில் ஓரளவு தெம்பும் உள்ள டெல்டா பிள்ளைகள் பலர் எம்.டெக். என்ற வழியை யோசித்துக்கூடப் பார்க்காமல் எம்.பி.ஏ.வுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த செலவில், மாத உதவித்தொகையோடு கிடைக்கக்கூடிய ஒரு படிப்பு அவர்கள் கண்ணில் படாமலே போகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதற்காக எல்லோரும் எம்.டெக். போங்கள் என்று சொல்ல மாட்டேன். யாருக்கு எது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம்.

துறையின் பிறப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. இதற்குப் பெற்றோர் இரண்டு பக்கம். ஒரு பக்கம் தொழிற்சாலைப் பொறியாளர்கள். ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் அறிவியல் முறை மேலாண்மையை எழுதி வைத்தார். ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்கினால் செலவு குறையும் என்பதற்குச் சூத்திரம் கொடுத்தார். மறுபக்கம் கணிதக்காரர்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909-இல் அழைப்புகளின் நெரிசலைக் கணக்கிட்டார். வரிசைக் கோட்பாடு அங்கே தொடங்குகிறது. கணக்குப் போட்டுச் சிறந்த முடிவைத் தேடும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக வளர்ந்தது; கிடைக்கும் வளத்தைச் சிறப்பாகப் பங்கிடக் கணிதவியலாளர் டான்ட்சிக் 1947-இல் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறையோடு அது ஒரு தனிப் படிப்பாகவே நின்றது. இந்தியாவில் 1957-இல் ஆபரேஷனல் ரிசர்ச் சொசைட்டி தொடங்கியது. 1963-இல் மும்பையில் நிட்டி என்ற தொழில் பொறியியல் நிறுவனம் வந்தது. அதுதான் 2023-இல் ஐ.ஐ.எம். மும்பையாக மாறியது. பெற்றோர் இரண்டு பக்கமாக இருப்பதால்தான் இன்றைக்கும் இந்தப் பாடம் ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்களில் நடக்கிறது, ஒன்று மேலாண்மைத் துறை, இன்னொன்று உற்பத்திப் பொறியியல் துறை.

நான்கு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் விளங்க வேண்டுமானால் நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் நல்லது. நெல் கொள்முதலையே எடுத்துக்கொள்வோம்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் டெல்டாவில் குறுவை நடவு ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கும். ஒரே சமயத்தில் நட்டால் ஒரே சமயத்தில் விளையும். முன்பெல்லாம் ஆள் வைத்து அறுத்து, களத்தில் அடித்து, தூற்றி, மூட்டை பிடித்து வர நாள் பிடிக்கும். அதனால் நெல் வரத்து தானாகவே பரவலாக இருக்கும். இப்போது அறுவடை இயந்திரம் ஏக்கருக்கு ஒரு மணி நேரம் எடுத்தால் அதிகம். ஒரு கிராமத்து நெல் முழுக்கச் சில நாட்களில் நேரடி கொள்முதல் நிலைய வாசலுக்கு வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே வாரங்களில்தான் எட்டிப் பார்க்கும்.

நிலையத்துக்குள் நடப்பதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 விழுக்காடு வரம்பு, மழை ஆண்டுகளில் அதைத் தளர்த்துவது உண்டு. அப்புறம் தூற்றும் இயந்திரத்தில் போட்டுப் பதரும் தூசியும் போக்க வேண்டும். சாக்கில் பிடித்து, 40 கிலோ எடை வைத்து, வாயைத் தைத்து, அட்டி போட வேண்டும். பட்டியல் எழுத்தர் கணக்கில் ஏற்ற வேண்டும். கடைசியாக லாரி வந்து மூட்டைகளைக் கிடங்குக்கோ ஆலைக்கோ எடுத்துப் போக வேண்டும். இதை ‘இயக்கம்’ என்பார்கள். இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைகள். வெளியே படுதா போட்டு மூடிய குவியல்களின் பக்கத்தில் விவசாயி ராத்திரி காவல் இருக்கிறார்.

இதில் எங்கே தடை? பார்த்தவுடன் எல்லோரும் “இன்னொரு தராசு வையுங்கள்” என்பார்கள். லாரி இயக்கம்தான் மெதுவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டாவது தராசு வந்தால், வெளியே குவியலாகக் கிடந்த நெல் உள்ளே மூட்டையாகக் கிடக்கும், அவ்வளவுதான். அட்டி போட இடம் தீர்ந்ததும் தராசும் நின்றுவிடும். தடை இருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கே பணம் போட்டாலும் மொத்த வேகம் கூடாது. தொழிற்சாலைக்கும் இதே விதிதான், மருத்துவமனைக்கும் இதேதான்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுவிடலாம். வாசலில் 6,000 மூட்டை அளவுக்கு நெல் காத்திருக்கிறது, நாளுக்கு 1,000 மூட்டை பிடிக்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்றைக்கு வரிசையில் சேரும் விவசாயிக்கு ஆறு நாள் காத்திருப்பு. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இதைத்தான் பொதுப்படையாகச் சொல்கிறது: உள்ளே தேங்கி நிற்கும் அளவு, வரும் வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. கேட்க எளிது. இதற்கு அடுத்த படிதான் எளிதல்ல. வரத்து முன்பின்னாக இருக்கும் இடத்தில், நிலையத்தின் திறனில் 80 விழுக்காடு பயன்படும்போது, அடிப்படை வரிசை மாதிரியின்படி, சராசரிக் காத்திருப்பு ஒரு வண்டியை முடிக்கும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 விழுக்காட்டுக்கு அது 9 மடங்கு. 95 விழுக்காட்டுக்கு 19 மடங்கு. வேலை கொஞ்சம்தான் கூடியது, காத்திருப்போ எங்கேயோ போய்விட்டது. “நேற்று வரைக்கும் ஒழுங்காகத்தானே நடந்தது” என்று எல்லோரும் திகைப்பதற்குக் காரணம் இந்த வளைவுதான்.

சரி, இப்போது படிப்புகளுக்கு வருவோம்.

எம்.பி.ஏ. படித்தவர் இந்த நிலையத்தைப் பார்த்தால் அவருக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்விகள் முடிவு, பணம், ஆட்கள் சார்ந்தவை. லாரி ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? மூட்டைக்குக் கூலியா, நாளுக்கா? பருவ காலத்துக்கு மட்டும் எடுக்கும் ஆட்களை எப்போது எடுப்பது? நாள் குறித்து இணையத்தில் பதிவு செய்யும் முறையை விவசாயிகள் நம்புகிறார்களா, இல்லை பதிவு செய்துவிட்டு முன்கூட்டியே நெல்லைக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறார்களா? அந்த நம்பிக்கையைச் சரிசெய்யாமல் எந்தக் கணக்கும் களத்தில் நிற்காது. நல்ல எம்.பி.ஏ. வகுப்பு இதைக் கற்றுத் தரும்; நிதி, கணக்கியல், மனித வளம், சந்தை எல்லாவற்றுக்கும் நடுவில் ஆபரேஷன்ஸ் எங்கே உட்காருகிறது என்றும் காட்டும்.

இந்த வழிக்கு டெல்டாவுக்கு எட்டும் தூரத்திலேயே நல்ல இடங்கள் உண்டு. 2011-இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். முதலில் என்.ஐ.டி. வளாகத்தில் இருந்தது, இப்போது புதுக்கோட்டை சாலையில் சூரியூரில் சொந்த வளாகம். துவாக்குடி என்.ஐ.டி.யிலேயே எம்.பி.ஏ. இருக்கிறது. 1984 முதல் இருக்கும் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனமான பிம் திருச்சியில்தான். மூன்றுக்கும் ஐ.ஐ.எம்.களின் பொது நுழைவுத் தேர்வு (CAT) மதிப்பெண் வாசல். அதை எழுத எந்தப் பட்டமானாலும் பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு போதும். பி.எஸ்சி. கணிதமோ பி.காமோ படித்துவிட்டு “நமக்கெல்லாம் ஐ.ஐ.எம்.மா” என்று ஒதுங்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும், பொறியியல் அல்லாத பட்டத்துக்கும் பெண்களுக்கும் தேர்வில் கூடுதல் புள்ளி தரும் ஐ.ஐ.எம்.கள் இருக்கின்றன. அந்தத் தேர்வின் ஆங்கிலப் பகுதியை நினைத்துத்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அதற்கு ஒரு வருடம் தினமும் வாசிப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

செலவு பெரியது. ஐ.ஐ.எம். என்றால் இரண்டு ஆண்டுக் கட்டணம் பல லட்சம்; கல்விக் கடன் இல்லாமல் டெல்டா விவசாயக் குடும்பத்துக்கு முடியாது. அங்கே இடம் கிடைத்தால் அந்தக் கடனுக்கு அர்த்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி அருகிலுள்ள இணைப்புக் கல்லூரியில் எம்.பி.ஏ. சேர்வது வேறு கதை. அங்கே ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் ஒரு கட்டாயத் தாளாக இருக்கும், சிறப்புப் பாடப் பட்டியலிலும் பெயர் இருக்கும். ஆனால் பட்டியலில் இருப்பதெல்லாம் வகுப்பில் நடப்பதில்லை. மாணவர்கள் மனித வளம், சந்தை, நிதி என்று போய்விட்டால் மிச்சம் இருக்கும் ஓரிருவருக்காக ஆபரேஷன்ஸ் விருப்பப் பாடத்தை நடத்த மாட்டார்கள். சேரும் முன் நேரில் போய்க் கேளுங்கள்: போன வருடம் இந்தச் சிறப்புப் பாடம் உண்மையில் நடந்ததா, எத்தனை பேர் எடுத்தார்கள், யார் பாடம் சொன்னார், கணக்குகளை மென்பொருளில் போட்டுப் பார்த்தார்களா, புராஜெக்டுக்கு எந்த நிறுவனத்துக்குப் போனார்கள்? தெளிவான பதில் வராவிட்டால், இந்தத் துறைக்காக அங்கே சேராதீர்கள். பொதுவான எம்.பி.ஏ. பட்டம் வேண்டும் என்றால் அது தனி முடிவு.

இனி எம்.டெக். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். அதே கொள்முதல் நிலையத்தை இவர் வேறு மாதிரி பார்ப்பார். ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், தூற்ற ஆரம்பித்த நேரம், எடை முடிந்த நேரம் எல்லாம் குறிப்பார். வரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு நிகழ்தகவுப் பரவல் பொருத்துவார். கணினியில் அந்த நிலையத்தை அப்படியே உருவகப்படுத்தி, மூன்று லாரி கூட விட்டால் என்ன ஆகும், இரண்டு நிலையங்கள் ஒரே லாரிக் கூட்டத்தைப் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும், ஈரமான நெல்லுக்குத் தனி வரிசை வைத்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்பார். எந்தக் கிராமத்து நெல் எந்தக் கிடங்குக்குப் போனால் மொத்தப் போக்குவரத்துச் செலவு குறையும் என்பது நேரியல் திட்டமிடலின் (லீனியர் புரோகிராமிங்) பாலபாடம். முடிவு எடுப்பவர் கையில் இவர் கொடுக்கும் தாளில் யூகம் குறைவாக இருக்கும்.

இந்தப் படிப்பு தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில், துவாக்குடி என்.ஐ.டி.யில் இருக்கிறது. 1964-இல் ஆர்.இ.சி. என்ற மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-இல் என்.ஐ.டி.யான அதே இடம்தான். அங்கே உற்பத்திப் பொறியியல் துறையில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் அண்ட் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் எம்.டெக். நடக்கிறது. சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. என்.ஐ.டி.க்கு கேட் (GATE; ஐ.ஐ.எம்.களின் CAT அல்ல, பொறியியல் முதுகலைக்கான தேர்வு) எழுதி, எம்.டெக். சேர்க்கைக்கான சி.சி.எம்.டி. கலந்தாய்வு வழியே போக வேண்டும். இயந்திரப் பொறியியல் தாளும் எழுதலாம். உற்பத்தி மற்றும் தொழில் பொறியியல் தாளில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச், தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல் எல்லாம் நேரடியாகவே பாடத்திட்டத்தில் இருப்பதால், அதற்குப் படிப்பதே துறைக்குள் நுழைந்த மாதிரி. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர கேட் இல்லாதவர்களுக்கு 2023 முதல் சீட்டா-பி.ஜி. என்ற தேர்வு இருக்கிறது.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் பல வீடுகளில் தெரியாத விஷயம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. 24 மாதமும் கிடைத்தால் 2,97,600 ரூபாய். என்.ஐ.டி. கட்டணத்தை மேலாண்மைக் கல்லூரிக் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் மிகக் குறைவு. அதாவது கடன் பெரிதாக இல்லாமலே வெளியே வரலாம். கடன் இல்லாத இருபத்து நாலு வயதுப் பையனோ பெண்ணோ முதல் வேலையைச் சம்பளத்துக்காக மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள நல்ல இடமா என்று பார்த்துச் சேரலாம். இந்தச் சுதந்திரத்துக்கு விலை போட முடியாது.

குறையும் இருக்கிறது. எம்.டெக். முடித்தவருக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் பகுப்பாய்வு, திட்டமிடல், தரம் என்று இருக்கும். நிர்வாகப் பொறுப்பு வர வருடங்கள் ஆகும். நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசி ஒப்புக்கொள்ள வைக்கும் பயிற்சி இந்த வகுப்புகளில் குறைவு. புள்ளியியலும் நிகழ்தகவும் பிடிக்காதவருக்கு இரண்டு வருடமும் சிரமம்தான். இன்ஜினியரிங்கில் கணித அரியர் எழுதித் தப்பித்தவர்கள் தங்களிடம் தாங்களே உண்மையைச் சொல்லிக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

கணிதத்திலோ புள்ளியியலிலோ முதுகலை முடிப்பவர்களுக்கு ஒரு பக்கவாட்டு வாசல் உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தரம், நம்பகத்தன்மை, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் மூன்றையும் சேர்த்து எம்.டெக். நடத்துகிறது, பொறியியல் பட்டதாரிகளும் சேரலாம். நுழைவுத் தேர்வு கடினம், கல்விக் கட்டணச் சுமை இல்லை. ராமானுஜன் படித்த கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இன்றும் கணிதம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது இந்த வாசலைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழி, வேலையை விடாமல் படிப்பது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டெல்டாவில் இந்த அறிவு உடனே பயன்படப்போவது ஏற்கெனவே ஏதாவது ஒன்றை நடத்திக்கொண்டிருப்பவர்களுக்குத்தான்: அரிசி ஆலை, உரக்கடை, மருந்து மொத்த வியாபாரம், லாரி புக்கிங், சிறிய மருத்துவமனை. அவர்களுக்குப் பட்டத்தைவிடக் கருவி முக்கியம். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் செயல்பாட்டு மேலாண்மை, ஆபரேஷன்ஸ் ரிசர்ச், சப்ளை செயின் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசனின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் விரிவுரைகளைக் கேட்டுத் தேறியவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். கரும்பலகையில் ஒவ்வொரு படியாகப் போட்டுக் காட்டுவார், அவசரமே இருக்காது. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். 25 மதிப்பெண் வாராந்தரப் பயிற்சிக்கு, 75 தேர்வுக்கு.

கருவி எப்படிப் பயன்படும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஹாரிஸின் அந்த 1913 சூத்திரத்தை உரக்கடைக்காரர் கற்றுக்கொள்கிறார். தம் கடைக்கு ஒரு தடவைக்கு 100 மூட்டை வாங்குவதுதான் உத்தமம் என்று கணக்கு வருகிறது. லாரியோ 150 மூட்டை ஏற்றும். என்ன செய்வது? உத்தம அளவைவிட ஒன்றரை மடங்கு வாங்கினாலும், வாங்கும் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து 8 விழுக்காடுதான் கூடுகிறது என்று அதே சூத்திரம் காட்டிவிடும். வண்டி வாடகையில் அதைவிட மிச்சம் என்றால் யோசிக்காமல் லாரியை நிரப்பிவிடலாம். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கு 100 என்ற எண் கிடைக்கும். புரிந்து படித்தவருக்கு எவ்வளவு தூரம் விலகலாம் என்ற தைரியம் கிடைக்கும். இந்தத் தைரியத்தை ஒரு செமஸ்டர் இணையப் பாடத்திலேயே பெற முடியும்.

பட்டமும் வேண்டும் என்பவர்களுக்கு இக்னோவில் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் முதுநிலைப் பட்டயமும் எம்.பி.ஏ.வும் இருக்கின்றன. அரசு, வங்கி, பொதுத்துறை வேலையில் இருப்பவர்களுக்குப் பதவி உயர்வில் அது உதவலாம். சென்னைக்கு வார இறுதியில் போய்வர முடிந்தவர்களுக்கு, வேலையில் இருப்போருக்கான திருச்சி ஐ.ஐ.எம். வகுப்பு அங்கே நடக்கிறது. ஆனால் இருபத்தொரு வயதில், வேறு வேலை எதுவும் இல்லாமல், வீட்டில் இருந்தபடி இதை மட்டும் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் ஒரு கடையோ களமோ இல்லாதவருக்கு இந்தப் பாடம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

நான்காவது, ஆராய்ச்சி. இதற்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கு ஆலோசனையும் குறைவாகவே தேவைப்படும், சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சி ஐ.ஐ.எம்.மிலும் என்.ஐ.டி.யிலும் முனைவர் பட்டம் செய்யலாம். யு.ஜி.சி.யின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நாலைந்து வருடம் எடுக்கும். உலக அளவில் இந்தத் துறையின் ஆராய்ச்சி ஒரு காலத்தில் தொழிற்சாலையைச் சுற்றியே இருந்தது. இப்போது மருத்துவமனைப் படுக்கைகள், பேரிடர் நிவாரணம், உணவு விநியோகம், சிறு விவசாயிகளின் சந்தை என்று விரிந்துவிட்டது. நமக்கு அதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணீர் முறை வைத்து விடுவது ஒரு அட்டவணைப் பிரச்சினை. அதைச் சற்று முன்பின்னாக மாற்றி நடவைப் பரவலாக்கினால் அறுவடை நெரிசல் எவ்வளவு குறையும், அதற்காக விவசாயி மழையில் எவ்வளவு ஆபத்தை ஏற்க வேண்டும்? இது பாசனமும் கொள்முதலும் சேர்ந்த கேள்வி. இங்கே பிறந்து, தண்ணீர் வராத கடைமடையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இதைக் கையில் எடுத்தால், வெளியூர்க்காரர் எவரும் கேட்காத கேள்விகளை அவர் கேட்பார். அதை நான் மனதார விரும்புகிறேன்.

வேலை எங்கே என்ற கேள்விக்கும் வருகிறேன். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எஃகு, தாமிர உருக்கு, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுத்தல் போன்றவற்றைப் புதிதாகத் தொடங்க டெல்டாவில் இடம் தரவில்லை. நிலத்துக்கு அது நல்லது. அதனால் பெரிய தொழிற்சாலை வேலை வேண்டும் என்பவர் திருச்சி, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் போக வேண்டும். 1960-களில் வந்த பெல் (BHEL) ஆலையும் அதைச் சுற்றிய துவாக்குடி ஆலைகளும்தான் நமக்குக் கிட்டே. ஊரோடு இருக்க விரும்புகிறவருக்கு உணவுப் பதப்படுத்தல், கிடங்கு, மருத்துவமனை, போக்குவரத்து. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் எந்தப் பஸ்ஸுக்கு எந்த ஓட்டுநர், எந்த நேரம் என்று டூட்டி போடுவதே ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம். 1967-இல் தொடங்கிய நெல் பதனிடும் ஆராய்ச்சியில் வேரூன்றி இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகியிருக்கும் இடத்தில் உணவுப் பொறியியல் படித்துவிட்டு, பிறகு ஆபரேஷன்ஸ் பக்கம் வருவதும் டெல்டாவுக்குப் பொருத்தமான பாதைதான்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். “பக்கத்துக் காலேஜ் போதும்” என்று முடிவெடுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். துவாக்குடியும் சூரியூரும் பக்கம்தான். இரண்டிலும் வளாகத்துக்குள்ளேயே விடுதி. தூரம்தான் கவலை என்றால் அந்தக் கவலைக்கு இந்த இரண்டு ஊரும் இடம் தரவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னும் குழம்பினால் ஒன்று செய்யுங்கள். பக்கத்து அரிசி ஆலையில் கேட்டு அனுமதி வாங்கி ஒரு பகல் முழுக்க நில்லுங்கள். ஊறல் தொட்டி, அவியல், உலர்த்தி, அரைவை என்று நெல் நகர்வதைக் கடிகாரம் வைத்துக் குறியுங்கள். பெரும்பாலும் உலர்த்தி முன்னால்தான் தேங்கும். மாலையில் வீட்டுக்கு வந்தபின் உங்கள் மனம் எதைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறது என்று பாருங்கள். குறித்த எண்களை எடுத்துக் கணக்குப் போடத் தோன்றினால் எம்.டெக். அந்த ஆலை முதலாளியிடம் இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது, இரண்டாவது உலர்த்திக்குப் பணம் எங்கே திரட்டுவது என்று ஓடினால் எம்.பி.ஏ. ஆலையே உங்களுடையது என்றால் இணையப் பாடம் போதும், நாளைக்கே தொடங்கலாம். இந்த நெல்லெல்லாம் ஏன் ஒரே வாரத்தில் வருகிறது என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டால் உங்களுக்கு ஆராய்ச்சி.

நாள் கணக்கு: என்.பி.டி.இ.எல். பாடங்கள் ஜூலையிலும் ஜனவரியிலும் தொடங்கும். ஐ.ஐ.எம். பொதுத் தேர்வுக்கு ஆகஸ்டில் பதிவு, நவம்பர் கடைசியில் தேர்வு. கேட் பதிவு அதையொட்டியே திறக்கும், தேர்வு பிப்ரவரியில். ஒரே வருடத்தில் இரண்டையும் எழுதலாம், கணிதத் தயாரிப்பில் கொஞ்சம் பொதுவாகவும் இருக்கும். பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் ஜூலையில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடம் ஒன்றை எடுத்து அக்டோபருக்குள் முடித்துவிட்டால், அடுத்த ஆகஸ்டில் எந்தத் தேர்வுக்குப் பணம் கட்டுவது என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.